செட் ஆகுமா? வீட்டு ஒலிப்பதிவுக் கணினி பற்றிய அறிவுரைகள் மீது சில விமர்சனக் குறிப்புகள்

கம்ப்யூட்டர் கடையில் நாம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது இதுக்கு செட் ஆகுங்களா?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓ, தாராளமா செட் ஆகுங்க." வீட்டிலேயே குரலையோ வாத்தியத்தையோ பதிவு செய்ய என்ன கணினி, என்ன மைக், என்ன பெட்டி வாங்கலாம் என்று தமிழில் கிடைக்கிற அறிவுரைகளைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காணொளிகள், வாட்சப்பில் சுற்றும் பட்டியல்கள், கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷன்கள் என்று எல்லாம் கலந்து. இவற்றில் அப்பட்டமான பொய் குறைவு. ஆனால் 'செட் ஆகும்' என்ற சொல்லை எல்லாரும் ஒரே பொருளில் புழங்குகிறார்கள்: பின் உள்ளே போகுமா, போகாதா. என் குறை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

திருப்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினுக்குக் கேஜ் உண்டு, நூலுக்குக் கவுண்ட் உண்டு. கேஜுக்கு ஒவ்வாத கவுண்ட் நூலை மாட்டினாலும் அது ஊசியில் ஏறத்தான் செய்யும், மெஷினும் சுத்தும். துணி மட்டும் ஒழுங்காக வராது. டையிங் போய்த் திரும்பி வந்த பிறகு செக்கிங் டேபிளில்தான் விஷயம் தெரியும். ஒலிப்பதிவும் அப்படித்தான். மாட்டின அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். பாடினவர் எழுந்து வீட்டுக்குப் போன பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்கும்போதுதான் அங்கங்கே 'டிக் டிக்' என்று வெட்டு விழுந்திருப்பதும், அடியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடுவதும் தெரியும். அவர் மறுபடி வந்து பாடுவாரா என்பது வேறு கேள்வி.

விமர்சனம் என்றால் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும் அல்லவா. என் கையில் இருப்பது ஒரு கொட்டேஷன். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிறவர், கொண்டுவந்து காட்டினார். அவருடைய அப்புச்சி உடுக்கைப் பாட்டுக்காரர். அண்ணன்மார் கதையை ராத்திரி முழுக்க நின்று பாடினவர். எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது, மூச்சு முன்னைப் போல இல்லை. "ஏனுங்ணா, அப்புச்சி பாடறத முழுசாப் புடிச்சு வெச்சரலாம்னு இருக்கறனுங். போனஸும் சீட்டுப் பணமும் இருக்குது. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்" என்றார்.

பார்த்தேன். மொத்தம் எழுபதாயிரத்தைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கும், கண்ணாடி வைத்துக் கலர் கலராக மின்னும் கேபினெட்டுக்கும், விளையாட்டுக்காரர்கள் வாங்கும் மதர்போர்டுக்கும் போயிருந்தது. மைக், 'சவுண்ட் கார்டு', ஸ்டாண்டு மூன்றும் சேர்ந்து மூவாயிரத்துக்குள். கடையின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை, ஏனென்றால் இது ஒரு கடையின் குறை இல்லை. நான் சேர்த்து வைத்திருக்கிற பட்டியல்களில் பத்துக்கு எட்டு இதே அச்சில்தான் இருக்கின்றன. விளையாட்டுக்குக் கூட்டின கணினியை எடுத்து, ஓரத்தில் ஒரு மைக்கைச் சொருகி, மேலே 'ஸ்டுடியோ' என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட் என்ற அளவில் ஒரு தடத்தைப் பதிவு செய்தால் நொடிக்கு 144 கிலோபைட் ஆகிறது. ஒரே நேரத்தில் எட்டு மைக் வைத்தாலும் 1.2 மெகாபைட்டைத் தாண்டாது. யுஎஸ்பி 2.0 என்கிற பழைய துளையே நொடிக்கு 480 மெகாபிட் தாங்கும் என்று வகுக்கப்பட்டது. ஓரங்கட்டப்பட்ட பழைய ஹார்டு டிஸ்க்கூட இந்த வேகத்தைப் போலப் பல மடங்கில் எழுதும். அப்படியிருக்க, 'ரெக்கார்டிங்னா ஹெவி ப்ராசசர் வேணும்' என்ற வாக்கியம் எங்கிருந்து வந்தது? சினிமாப் பாட்டுக்கு இசை கோர்க்கிறவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் நூறு தடத்தில் மென்பொருள் வாத்தியங்களை ஏற்றி, ஒவ்வொன்றின் மேலும் எதிரொலியும் அழுத்தமும் போடுகிறார்கள். அந்த வேலைக்கு நிஜமாகவே கனமான ப்ராசசரும் நினைவகமும் வேண்டும். ஒரு பெரியவர் உடுக்கை அடித்துக்கொண்டு பாடுவதைப் பிடிக்க அது எதற்கு?

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வீண் செலவோடு நிற்பதில்லை. அதற்கு விசிறி உண்டு, விசிறிக்குச் சத்தம் உண்டு, மைக் அதே அறையில்தான் இருக்கப்போகிறது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. விண்டோஸில் ஒவ்வொரு வன்பொருளின் டிரைவரும் ப்ராசசரிடம் 'என்னை முதலில் கவனி' என்று அடிக்கடி குறுக்கிடும். கிராபிக்ஸ் கார்டு டிரைவரும் வைஃபை டிரைவரும் இதில் பேர் போனவை. அவை சில மில்லிநொடிக்கு ப்ராசசரைப் பிடித்துக்கொண்டால், அந்த நேரத்தில் வந்து சேர்ந்த ஒலி போக இடமில்லாமல் தொலைந்துபோகும். மேலே சொன்ன 'டிக்' அதுதான். ப்ராசசர் எத்தனை வேகம் என்றாலும் இந்தக் குறுக்கீட்டுக்கு அது மருந்தாகாது. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிஷம் ஓட விட்டால் எந்த டிரைவர் குற்றவாளி என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்துவைக்கச் சொல்வதன் காரணமும் இதுதான். நான் பார்த்த காணொளிகளில் ஒன்றில்கூட இந்தப் பேச்சு வரவில்லை. ரேம் எத்தனை ஜிபி என்பது மட்டும் எல்லாவற்றிலும் வருகிறது.

சரி, மைக்குக்கு வருவோம். கொட்டேஷனில் 'ஸ்டுடியோ கண்டென்சர் மைக் கிட்' என்று இருந்தது. பிஎம்-800 என்ற எண்ணோடு பல பெயர்களில் விற்கிறதே, அந்த வகை. அதனோடு வருகிற வயரின் ஒரு முனையில் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் செல்போன் ஹெட்செட் போல 3.5 மிமீ பின். இந்தப் பின் லேப்டாப்பிலும் போகும், டெஸ்க்டாப்பிலும் போகும். போகிறது, ஆகவே 'செட் ஆகிறது'. ஆனால் கண்டென்சர் மைக்குக்கு வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அதற்கென்று ஏற்பட்ட முறை 48 வோல்ட், பேண்டம் பவர் என்பார்கள். லேப்டாப்பின் மைக் துளை தருவது சில வோல்ட் மட்டுமே. அரை வயிற்றுக்காரனை ஓடச் சொன்னால் ஓடுவான், ஓட்டம் எப்படி இருக்கும்? சத்தம் சன்னமாக வரும். அதைச் சரிக்கட்ட விண்டோஸில் 'பூஸ்ட்' ஏற்றுவோம். குரலோடு சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும். அதை எடுக்க மென்பொருளைப் போடுவோம். அது குரலின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். முதல் கட்டத்தில் பொருந்தாததன் பலனை நாலாவது கட்டத்தில் அனுபவிக்கிறோம்.

3.5 மிமீ பின்னிலேயே இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பின்னின் மேல் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது ஒரு வகை, மூன்று இருந்தால் வேறு வகை. செல்போனுக்கு ஆன மூன்று வளைய மைக்கை டெஸ்க்டாப்பின் இளஞ்சிவப்புத் துளையில் குத்தினால் பின் பாந்தமாக உட்காரும், சத்தம் வராது. அம்பது ரூபாய் கன்வெர்ட்டரில் தீர்கிற விஷயம். ஆனால் 'மைக் கெட்டுப்போச்சு' என்று திருப்பி அனுப்பினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி டிரைவர். இதில்தான் இந்த அறிவுரை இலக்கியம் ரொம்பவே சறுக்குகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற பெட்டி மைக்கின் மின்னலையை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. யுஎஸ்பி துளையில் மாட்டினால் கணினி அதை அடையாளம் காணும். ஆனால் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில் தரம் உண்டு. 1997இல் ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் ஏசியோ என்ற முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸின் நடுத்தரகர்களைத் தாண்டி, பதிவு மென்பொருளும் பெட்டியும் நேரடியாகப் பேசிக்கொள்வதற்கான வழி அது. பெட்டி செய்கிறவர் தன் பெட்டிக்கென்று ஏசியோ டிரைவர் எழுதித் தந்திருக்கிறாரா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. சிலர் எழுதித் தருவதில்லை. ஏசியோ4ஆல் என்ற பொது முகமூடியைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அது உள்ளே விண்டோஸின் சாதா டிரைவரேதான், வெளியே ஏசியோ போலக் காட்டும். பெரிங்கரின் யுஎம்சி22, யுஎம்சி202எச்டி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். மூத்ததற்கு நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவர் உண்டு, இளையதற்குப் பொது முகமூடிதான். விலை வித்தியாசத்துக்குக் கடைக்காரர் சொல்லும் காரணம் '192 கிலோஹெர்ட்ஸ்'. மனுசன் காது 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது, 48ஏ தாராளம். காசு கொடுக்க வேண்டிய காரணம் டிரைவர். அதை யாரும் சொல்வதில்லை.

மேக், லினக்ஸ் இரண்டிலும் கதை கொஞ்சம் வேறு. 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று பெட்டியில் போட்டிருந்தால் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். விண்டோஸுக்கு இரண்டாம் தலைமுறை யுஎஸ்பி ஆடியோவைத் தானாகப் புரிந்துகொள்ளும் திறன் 2017இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெட்டியையும் முந்தைய விண்டோஸையும் சேர்த்து செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர் எதற்கு இத்தனை முக்கியம் என்றால், தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்குவதில்லை, ஒரு குடம் நிறைந்த பிறகு வாங்கும். அந்தக் குடத்துக்குப் பஃபர் என்று பேர். 256 மாதிரி கொள்ளும் குடம் என்றால் 48,000 வேகத்தில் 5.3 மில்லிநொடி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது; ஆக இது ஆறடி தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வர ஆகும் நேரம். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம் என்று பன்னிரண்டு அடி. ஹெட்போனில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பாடுகிறவருக்கு இது பரவாயில்லை. 1024 மாதிரிக் குடம் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிநொடி; பாடகர் தடுமாறுவார். சின்னக் குடம் வைத்தால் தாமதம் குறையும், ஆனால் கணினி அடிக்கடி ஓடிவந்து குடத்தை மாற்ற வேண்டும், ஒரு தடவை தவறினாலும் 'டிக்'.

இதுவரை சொன்னதைத் தெளிவாகச் சொல்லும் ஒன்றிரண்டு நல்ல காணொளிகள் தமிழில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவையும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றன: நீங்க என்ன பதியப் போறீங்க? கரோக்கி டிராக்கை ஓடவிட்டு அதன் மேல் பாடுகிறவருக்குத் தாமதம் பெரிய பிரச்சினை. அப்புச்சிக்கு ஹெட்போனே கிடையாது. அவர் காதில் ஹெட்போனை மாட்டினால் பாட்டே வராது. அவர் பாட, உடுக்கை அடிக்க, அதை அப்படியே வாங்கிக்கொண்டால் போதும். அங்கே குடத்தை 1024க்கு வைத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம். தாமதம் பற்றிய கவலை போய்விட்டால் பத்து வருஷப் பழைய லேப்டாப்பும் போதும், வேகமான ப்ராசசரும் வேண்டாம், கலர் லைட்டும் வேண்டாம். வேலை எது என்று கேட்காமலே எழுதின பட்டியல் என்பதுதான் அந்தக் கொட்டேஷன் மீது என் முக்கியமான குற்றச்சாட்டு. எழுபதாயிரத்தில் நாற்பதாயிரம் அந்த ஒரு கேள்வியில் மிச்சமாகியிருக்கும்.

'பஞ்சதன்' பேச்சு வராமல் இந்தக் காணொளிகள் முடிவதில்லை. ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஸ்டுடியோ வைத்தார், 1992இல் 'ரோஜா' வந்தது, ஆகவே நீங்களும் வீட்டிலேயே தொடங்கலாம் என்பார்கள். தொடங்கலாம்தான். ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே கட்டின கூடம், எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பதிவாளர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்லிக்கொள்வது 'வீடு' என்ற சொல்லை மட்டும்.

பொருந்துதலுக்குக் காலக்கெடுவும் உண்டு என்பதை இந்த இலக்கியம் கண்டுகொள்வதேயில்லை. இரண்டாயிரங்களில் நல்ல இன்டர்ஃபேஸ் என்றால் ஃபயர்வயர். அப்போது லேப்டாப்பில் ஃபயர்வயர் துளை இருந்தால் மட்டும் போதாது, துளைக்குப் பின்னால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். வேறு கம்பெனி சிப்போடு பல பெட்டிகள் முரண்டு பிடித்தன. இன்றைக்கு அந்தத் துளையே புது லேப்டாப்பில் கிடையாது. லாஜிக் மென்பொருளை எழுதிய ஜெர்மனியின் ஈமேஜிக்கை ஆப்பிள் 2002 ஜூலையில் வாங்கியது. அந்த செப்டம்பரோடு விண்டோஸ் பதிப்புக்கு மூடுவிழா. விண்டோஸ் கணினியில் அதை வைத்துத் தொழில் பண்ணினவர்கள் ஒன்று மென்பொருளை மாற்ற வேண்டும், இல்லை கணினியை மாற்ற வேண்டும். கிட்டத்தில் 2021இல் ஏஎம்டியின் 500 வரிசை மதர்போர்டுகளில் யுஎஸ்பி இணைப்பு திடீர் திடீரென்று அறுந்தது. புத்தம் புது, விலை கூடின போர்டுகள் அவை. கம்பெனியே ஒப்புக்கொண்டு பயாஸ் மாற்றித் தந்து சரிசெய்தது. ஆடியோ பெட்டி வைத்திருந்தவர்கள்தான் அதை முதலில் உணர்ந்திருப்பார்கள், ஏனென்றால் பென்டிரைவ் அரை நொடி விட்டுப் பிடித்தால் யாருக்கும் தெரியாது, பாட்டில் தெரியும்.

இப்போது நம் ஊருக்கு. மேலே சொன்ன எல்லாம் சென்னைக்கும் பொருந்தும், சிங்கப்பூருக்கும் பொருந்தும். அவிநாசிபாளையத்துக்கு என்று தனியாக இரண்டு விஷயம் உண்டு: தறியும் கரண்டும்.

திருப்பூர்–தாராபுரம் ரோடும் கோவை–கரூர் ரோடும் வெட்டிக்கொள்கிற இடம். லாரி ஏர்ஹாரன் ஒரு பக்கம். பல்லடத்திலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் விசைத்தறி. கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலுக்கு மேல். வெளியே நாலு வீடு தள்ளியும் 'டக்கடக் டக்கடக்' கேட்கும். பிறந்ததிலிருந்து கேட்பதால் நமக்கு அது சத்தமாகவே படுவதில்லை, ஆனால் மைக்குக்குப் பழக்க தோஷம் கிடையாது. இந்தச் சூழ்நிலையில் 'கண்டென்சர்தான் ஸ்டுடியோ தரம்' என்ற அறிவுரை நேரடியாகக் கெடுதல் செய்கிறது. கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். பக்கத்துத் தறியையும் நுணுக்கமாகக் கேட்கும். நமக்குத் தேவை மேடையில் பிடித்துப் பாடுகிற சாதா டைனமிக் மைக், ஷூர் எஸ்எம்58 வகை. 1966இலிருந்து வருகிற மாடல், பேண்டம் பவர் கேட்காது, கீழே விழுந்தாலும் தாங்கும். அதை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைக்க வேண்டும். ஒரு சாணை இரண்டு சாண் ஆக்கினால் குரல் 6 டெசிபல் விழும், தறி அப்படியே இருக்கும். எந்தக் கணினியும் இந்த 6 டெசிபலைத் திருப்பித் தராது.

'டைனமிக் மைக்குக்கு பூஸ்டர் தனியா வாங்கணும்' என்று உடனே ஒரு குரல் எழும். அது மெல்லப் பேசுகிற பாட்காஸ்ட்காரர்களின் கவலை. எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு 60 டெசிபல் வரை ஏற்றம் தேவைப்படுகிறது, உண்மை. உடுக்கைப் பாட்டுக்காரர் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர் மந்தைக்கே கேட்கப் பாடிப் பழகினவர். அவர் தொண்டைக்குப் பூஸ்டர் வேண்டாம். குரலுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என்று இரண்டு மைக், இரண்டு உள்வழி உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று. அவ்வளவுதான் விஷயம்.

தறிச் சத்தத்தை அப்புறம் மென்பொருளில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடாசிட்டியில் இருக்கிற இரைச்சல் நீக்கி நன்றாகத்தான் வேலை செய்யும், ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்துக்கு. தறி ஓர் அடி. உடுக்கையும் ஓர் அடி. எது தறி, எது உடுக்கை என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து மழுக்கிவிடும்.

கரண்ட் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் அந்த நேரத்தில் கேட்காது. நம் பக்கம் பழைய வீடுகளில் பிளக்கின் மூணாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும், பின்னால் எர்த் வயர் போயிருக்காது. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் தகர உடம்பைத் தொட்டால் லேசாகச் 'சுருக்'கென்று இருக்கிறதே, அந்தக் கசிவு மின்சாரம்தான் பதிவில் 'உம்ம்' என்று உட்கார்ந்துகொள்கிறது. 50 ஹெர்ட்ஸில் மட்டும் இருந்தால் 80க்குக் கீழே வெட்டி எறிந்துவிடலாம். அது 100, 150 என்று குட்டி போடும். ஆண் குரலின் அடிநாதமும் அங்கேதான் குடியிருக்கிறது. வெட்டினால் குரலும் போகும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வரும். சைன்வேவ் இல்லாத சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் 'ஜ்ஜ்ஜ்' என்று வேறொரு சுருதி. டெஸ்க்டாப்பின் சில எஸ்எம்பிஎஸ்கள் சதுர அலை யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் அணைந்தே போகும். கொட்டேஷனில் யுபிஎஸ் ஒரு வரி, எஸ்எம்பிஎஸ் ஒரு வரி, இரண்டுக்கும் ஒத்துப்போகுமா என்பதற்கு வரி இல்லை.

ஆகவே இந்த வேலைக்கு டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப்தான் என்று தம்பியிடம் சொன்னேன். காரணம், லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. சார்ஜர் வயரை உருவிவிட்டால் 'உம்ம்' பெரும்பாலும் அந்த நொடியே நின்றுவிடும். "அவ்வளோதானுங்களா?" என்றார். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினால், அப்புச்சி வெத்தலை போட எழுந்திருக்கும்போது சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். கடைசியில் ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப்பும், இரண்டு உள்வழிப் பெட்டியும், இரண்டு டைனமிக் மைக்கும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரைத் தாண்டித் தோட்டத்துச் சாளையில் வைத்துப் பதிந்தார்கள். ஞாயிறு தறி நிற்கிற நாள். மயில் அகவுவது அங்கங்கே விழுந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது என்பதால்தான் இத்தனை விஸ்தாரமாக எழுதுகிறேன். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965இல் அங்கே அண்ணன்மார் கதையை நாடாவில் பதிவு செய்தார். அதிலிருந்துதான் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூல் 1982இலும், பாடம் முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக 1992இலும் வந்தன. அந்த ஒலிகள் இன்று டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் இருக்கின்றன. அறுபது வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்தில், கணினி என்ற சொல்லே இல்லாத இடத்தில் பதிவானது இன்னும் கேட்கக் கிடைக்கிறது. இன்றைக்கு எழுபதாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியில் பதிவானது அறுபது மாதம் இருக்குமா என்பது சந்தேகம். கணினி இல்லாமலே பதியலாம் என்பதற்கும் இது சாட்சிதான். பேட்டரி செல் போட்டுக் கையில் பிடிக்கும் ரெக்கார்டர்கள் இன்றும் விற்கின்றன. எர்த் பிரச்சினை இல்லை, டிரைவர் பிரச்சினை இல்லை, விசிறி இல்லை. பதிவை அதில் முடித்துக்கொண்டு, வெட்டி ஒட்ட மட்டும் வீட்டில் இருக்கிற எந்தக் கணினியையும் வைத்துக்கொள்ளலாம். இதைச் சிபாரிசு செய்யும் பட்டியலை நான் தமிழில் பார்த்ததில்லை, அதில் விற்க ஒன்றும் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

'அப்ப மொபைலே போதுமே' என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. செல்போன் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே ஏற்றும். உடுக்கை 'டும்' என்று விழுந்த மறுகணம் குரல் பள்ளத்தில் இறங்கி மெதுவாக ஏறுவதைக் கேட்டால் புரியும். அந்தத் தானியங்கியை அணைக்க வழிதரும் செயலிகள் உண்டு. அதைத் தெரிந்து செய்கிறவருக்கு ஆபத்துக்குப் பாவமில்லை.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைக்கு மேல். அதற்குக் கீழே உள்ளவை இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. அவற்றில் லினக்ஸைப் போட்டு, கிளாஸ் கம்ப்ளையன்ட் பெட்டியை மாட்டினால் நன்றாகவே ஓடும். ஆடாசிட்டி, ஆர்டர் இரண்டும் அதில் கிடைக்கின்றன. இல்லை, இணையமே காட்டாமல் பதிவுக்கு மட்டும் விண்டோஸ் 10ஐ வைத்துக்கொள்வேன் என்றாலும் தப்பில்லை. வாங்குவதற்கு முன்னால் பெட்டியைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் மாட்டி, அரை மணி நேரம் தொடர்ந்து பதிந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

கோப்பு விஷயத்திலும் பட்டியல்கள் மௌனம். ஒரு தடம், ஒரு மணி நேரம், 24 பிட், 48,000 என்றால் 518 மெகாபைட். இரண்டு மைக்குக்கு ஒரு ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மணி நேரப் பாட்டு முப்பது ஜிபி, ஒரு பென்டிரைவில் அடங்குகிற சமாச்சாரம். இதற்காக எம்பி3 ஆக்கிச் சுருக்கி வைக்க வேண்டியதில்லை, வேவ் கோப்பாகவே வைக்கலாம். அளவு முள்ளை உச்சத்துக்கு ஏற்றாமல் மைனஸ் 12 பக்கம் நிறுத்தினால் உடுக்கையின் திடீர் அடிக்கு இடம் இருக்கும். 24 பிட்டில் அந்த அளவு தாழ்த்திப் பதிந்ததால் இரைச்சல் ஏறாது. லேப்டாப்பில் ஒரு பிரதி, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிரதி. தம்பி மூன்றாவதைத் தாராபுரத்தில் சித்தி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார், கோப்பின் பெயரில் தேதியும், பாடினவர் பெயரும், கதையில் எந்தக் கட்டம் என்பதும் தமிழிலேயே எழுதி.